மூன்று மடங்கா, பத்து மடங்கா? அரசுக் கணக்கெடுப்புத் தரவோடு ஒரு போட்டிக்குப் போன அனுபவம்

தரவுப் பகுப்பாய்வுப் போட்டி என்றால் பெரும்பாலும் துடைத்து வைத்த ஒரு கோப்பைக் கையில் கொடுத்து, "மாடல் போடுங்கள்" என்று விட்டுவிடுவார்கள். நாங்கள் கலந்துகொண்ட போட்டியில் விதி வேறு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் மூலத் தரவை நாமே இறக்கிக்கொள்ள வேண்டும். கேள்வியும் நம்முடையது, பதிலும் நம்முடையது. முதல் சுற்றுக்கு எழுத்து அறிக்கை. தேறினால் சென்னையில் நடுவர்கள் முன்னால் பேச வேண்டும்.

அணியில் மூன்று பேர் இருக்க வேண்டும் என்றார்கள். நான், ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் கை தேர்ந்த ஒரு நண்பன், மூன்றாவதாக அவனுடைய அக்கா. அக்காவுக்குக் கோடிங் தெரியாது. ஆனால் பல வருஷம் ஒப்பந்த முறையில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பியவர். எண்ணிக்கைக்காகத்தான் சேர்த்தோம் என்பதை மறைக்கவில்லை. கடைசியில் நடுவர்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்குப் பதில் சொன்னது அவர்தான்.

கணக்கெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை நாடு முழுக்க 1,38,799 வீடுகளில், 6 வயதும் அதற்கு மேலும் ஆன 4,47,250 பேரிடம் எடுத்தது. முந்தைய நாள் காலை 4 மணி தொடங்கி பேட்டி நாள் காலை 4 மணி வரை, 24 மணி நேரத்தையும் அரை மணித் துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் என்ன செய்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பதில்கள் ஐ.நா. வகைப்பாட்டின்படி மூன்று இலக்கக் குறியீடுகளாகப் பதிவாகியிருக்கின்றன. இதற்கு முன்னோட்டமாக 1998-99லேயே ஆறு மாநிலங்களில் ஒரு சோதனைக் கணக்கெடுப்பு நடந்தது. அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று.

அக்கா இந்தக் கணக்கெடுப்பில் வேலை பார்த்ததில்லை. ஆனால் இதே பாணியில் நேரம் கேட்கும் ஓர் ஆய்வுக்குப் போயிருக்கிறார். "நேத்து காலைல நாலு மணிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று ஆரம்பித்தால் முதலில் சிரிப்பார்களாம். "தூங்கிட்டிருந்தேன், வேற என்ன?" அங்கிருந்து அரை மணி அரை மணியாக நகர்த்த வேண்டும். கிராமத்தில் பலருக்குக் கடிகாரமே பஸ்தான். ஏழரை பஸ் போறதுக்கு முன்னாடியா பின்னாடியா, பள்ளிக்கூட மணி அடிச்சாச்சா, ராத்திரி எந்த சீரியல் ஓடும்போது சாப்பிட்டீங்க என்று கேட்டுக் கேட்டுத்தான் நேரத்தைப் பிடிக்க முடியும்.

ஒரு வீட்டில் பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை "வீட்லதான் சும்மா இருந்தேன்" என்று ஓர் அம்மா சொன்னாராம். அக்கா விடவில்லை. "சரிம்மா, உக்காந்திருந்தீங்களா, படுத்திருந்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "எங்க உக்கார? அரிசில கல்லு பொறுக்கினேன், நடுவுல ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தேன், இட்லிக்கு ஊறப்போட்டேன்." இரண்டு மணி நேரம் வெறுமையாகக் கிடந்த இடத்தில் மூன்று வேலைகள் வந்து விழுந்தன. அதிலும் அந்த ஆடு விற்பதற்கா, வீட்டுக்கா என்பதைப் பொறுத்துக் குறியீடு மாறும். விற்பதற்கென்றால் வருமானத்துக்கான வேலை. வீட்டுக்கென்றால் சொந்த உபயோகத்துக்கான உற்பத்தி. கேட்பவர் அந்த ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விட்டால் தரவில் அந்த அம்மா வேறு ஆளாக மாறிவிடுவார்.

இதைக் கேட்ட பிறகு நாங்கள் கணினியை மூடி வைத்துவிட்டுக் கேள்வித்தாளையும், களப்பணியாளர்களுக்கான அறிவுறுத்தல் கையேட்டையும் படிக்க உட்கார்ந்தோம். இந்தப் போட்டியில் நாங்கள் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கையேடு சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே அரை மணிக்குள் பல வேலை செய்திருந்தால் என்ன செய்வது (ஒவ்வொன்றும் குறைந்தது 10 நிமிடம் நீடித்திருந்தால் மூன்று வரை குறிக்கலாம்; அதில் ஒன்றுக்கு முதன்மை என்ற அடையாளம் உண்டு), வீட்டில் இல்லாதவருக்கு யார் பதில் சொல்வது போன்றவையெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சில உறுப்பினர்களின் நாளை வீட்டிலுள்ள வேறொருவர்தான் சொல்லியிருக்கிறார் என்பதும் தெரியவந்தது. கணவர் எத்தனை நிமிடம் பாத்திரம் தேய்த்தார் என்று மனைவி சொல்வதும் கணவரே சொல்வதும் ஒன்றாகவா இருக்கும்?

இனி தரவு. கோப்பைத் திறந்தால் நெடுக எண்கள். இடைவெளியும் கிடையாது, தலைப்பும் கிடையாது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை மாநிலக் குறியீடு, எங்கே வயது, எங்கே செயல் என்பதற்குத் தனியாக ஓர் எக்செல் அட்டவணை தருவார்கள். அதைப் பார்த்து வெட்டிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்குக் குறியீடு 33. வெட்டியதும் நாங்கள் வைத்த முதல் சோதனை எளிமையானது: ஒவ்வொரு ஆளுக்கும் நிமிடங்களைக் கூட்டினால் 1,440 வர வேண்டும். நாள் நள்ளிரவில் முடியாமல் காலை 4 மணிக்கு முடிவதால், 23:30இலிருந்து 00:00 வரை என்ற வரியில் கழித்தால் எதிர்மறை எண் வந்து நிற்கும். அந்த வரிகளுக்கு 24 மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று வேலைகள் பதிவான துண்டில் முழு அரை மணியையும் ஒவ்வொன்றுக்கும் கொடுத்தால் கூட்டுத்தொகை 1,440ஐத் தாண்டிவிடும். பிரித்துக் கொடுக்க வேண்டும். வீட்டை அடையாளம் காண ஒரே ஒரு எண் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். முதல்நிலை மாதிரி அலகு (மாதிரியில் விழுந்த கிராமம் அல்லது நகர வட்டாரம்), அதற்குள் வீடுகளைப் பிரித்த இரண்டாம் நிலை அடுக்கு, வீட்டு எண், ஆள் எண் எல்லாவற்றையும் ஒட்டினால்தான் ஒரு மனிதர் தனித்து நிற்பார்.

அப்புறம் வெயிட், அதாவது மாதிரியில் வந்த ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்காகப் பேசுகிறார் என்ற எண். இதை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் என்ன ஆகும்? சின்ன மாநிலங்களில் மக்கள்தொகைக்கு அதிகமான விகிதத்தில் மாதிரி எடுத்திருப்பார்கள். வெயிட் போடாத சராசரியில் அவர்களின் குரல் அளவுக்கு மீறிக் கேட்கும். இது போன்ற தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தரவில் பெருக்கியை (கோப்பில் வெயிட்டுக்காகத் தரும் எண்ணை) அப்படியே போட்டுவிடவும் கூடாது. வழக்கமாக அதை 100ஆலோ 200ஆலோ வகுக்கச் சொல்வார்கள். எப்போது எது என்பது கோப்போடு வரும் விளக்கக் குறிப்பில் இருக்கும். இந்த 200க்குப் பின்னால் ஓர் அழகான வரலாறு இருக்கிறது. மாதிரியை இரண்டு தனித்தனித் துணை மாதிரிகளாக எடுத்து, இரண்டின் விடையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது புள்ளியியலாளர் மகலனோபிஸ் வகுத்த வழி. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும்போது இரண்டால் வகுப்பதால்தான் 100, 200 ஆகிறது. இந்த வேலைகளையெல்லாம் தொடங்கிவைத்த அவருடைய பிறந்த நாளான ஜூன் 29தான் இன்றைக்குப் புள்ளியியல் தினம். இரண்டு துணை மாதிரிகளுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பக்கத்தில் வைத்தாலே உங்கள் எண் எவ்வளவு ஆடும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம். முறையான பிழை அளவு வேண்டுமென்றால் ஆர் மொழியின் சர்வே பேக்கேஜில் அடுக்கையும் மாதிரி அலகையும் சொல்லிவிட்டால் அதுவே போட்டுக் கொடுக்கும். ஓர் அடுக்கில் ஒரே ஒரு அலகு மட்டும் மாட்டினால் அது முரண்டு பிடிக்கும். அதற்கென்றே பேக்கேஜில் ஒரு செட்டிங் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

இதையெல்லாம் முடித்ததும் சொந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை. அரசு அறிக்கையில் ஏற்கெனவே அச்சான ஓர் அட்டவணையை எடுத்து, எங்கள் நிரலால் அதே எண்களை வரவழைக்க முயன்றோம். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள்: பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்கள் அதற்குச் செலவிட்ட நேரம்: பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இந்த நான்கும் வந்த பிறகுதான் எங்கள் நிரலின்மேல் எங்களுக்கே நம்பிக்கை வந்தது. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கும் அணிகளை நடுவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "அச்சான எண்ணோடு ஒத்துப்பார்த்தீர்களா?" என்பதுதான் எல்லோரிடமும் கேட்ட முதல் கேள்வி.

எங்கள் தலைப்பும் அந்த நான்கு எண்களிலிருந்தே கிடைத்தது. 299ஐ 97ஆல் வகுத்தால் மூன்று மடங்கு. செய்திகளில் பலமுறை பார்த்திருப்பீர்கள், பெண்கள் ஆண்களைவிட மூன்று மடங்கு வீட்டு வேலை செய்கிறார்கள் என்று. ஆனால் அந்த 97 நிமிடம் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களுடைய சராசரி. அன்றைக்கு ஒரு தம்ளர்கூடக் கழுவாத மீதி 73.9 சதவீதம் பேர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. எல்லா ஆண்களையும் சேர்த்தால் 97ஐ 0.261ஆல் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 25 நிமிடம். பெண்களுக்கு 299ஐ 0.812ஆல் பெருக்கினால் 243 நிமிடம். இப்போது வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட பத்து மடங்கு!

இரண்டு எண்ணும் சரி. முதலாவது, இறங்கி வேலை செய்பவர்களுக்குள் இருக்கும் இடைவெளி. இரண்டாவது, சமூகம் முழுமையிலும் சுமை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பது. நாட்டின் மொத்த வீட்டு வேலையை யார் சுமக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு மூன்று மடங்கு என்று பதில் எழுதினால் அது தவறான பதில். எங்கள் அறிக்கை முழுக்க இதுதான்: ஒரே தரவில் வகுக்கும் எண்ணை மாற்ற மாற்ற விடை எப்படி நகர்கிறது. வயதும் அப்படித்தான். மேலே சொன்ன 299இல் ஆறு வயதுச் சிறுமியும் சேர்த்தி. 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை மட்டும் எடுத்தால் 315 நிமிடம்.

அடுத்து எல்லைப் பிரச்சினை. வீட்டு வேலை என்றால் ஐ.நா. வகைப்பாட்டின் மூன்றாம் பிரிவு என்று எல்லோரும் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம், துணி, வீடு கூட்டுவது எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் தெருக் குழாயில் குடத்தோடு நிற்பதும் விறகு பொறுக்குவதும் அங்கே இல்லை. அவை சொந்த உபயோகத்துக்கான பொருள் உற்பத்தி என்ற இரண்டாம் பிரிவில் போய்விடுகின்றன. குழந்தையையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது நான்காம் பிரிவு. சர்வதேச அளவில் ஒப்பிடுவதற்கு இந்தப் பிரிப்பு தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீருக்கு அலையும் ஊர்களைப் பற்றிப் பேசப் போகிற ஒருவர் மூன்றாம் பிரிவோடு நின்றுவிட்டால், அந்த ஊரின் பெரிய வேலையே அவருடைய அட்டவணையில் இருக்காது. இதைச் சொன்னபோது அக்கா கேட்டார்: "தண்ணி புடிக்கிறது வீட்டு வேலை இல்லாம கம்பெனி வேலையா?" அந்தக் கேள்வியை அப்படியே ஸ்லைடில் போட்டோம்.

போட்டியில் மற்ற அணிகளைப் பார்த்துக் கற்றதும் நிறைய. ஓர் அணி, ஒரு பெண் வேலைக்குப் போகிறாரா இல்லையா என்பதை அவர் ஒரு நாளைக் கழித்த விதத்தை வைத்துக் கணிக்கும் மாடல் போட்டிருந்தது. துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல் என்று பெருமையாகக் காட்டினார்கள். ஒரு நடுவர் இரண்டே கேள்வி கேட்டார். முதலாவது: எல்லோருக்கும் "வேலைக்குப் போகவில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எத்தனை சதவீதம் சரியாக இருக்கும்? அந்தக் கணக்கெடுப்பில் அன்றைய நாளில் வருமானத்துக்கான வேலையில் ஈடுபட்ட பெண்கள் 18.4 சதவீதம்தான். ஆக, எதுவும் செய்யாமலே 81.6 சதவீதம் கிடைத்துவிடும். இரண்டாவது: கணிக்கப் பயன்படுத்திய மாறிகளில் பயண நேரம் இருக்கிறதே, அதில் வேலைக்குப் போய்வரும் பயணமும் அடங்குமா? அடங்கும். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டு மாடல் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது என்று சொன்னால் எப்படி?

இன்னோர் அணி தமிழ்நாட்டு வரைபடத்தை மாவட்டவாரியாக வண்ணம் தீட்டி வந்திருந்தது. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. தரவில் மாவட்டக் குறியீடும் இருக்கிறது. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை கிராமம், எத்தனை நகர வட்டாரம் மாதிரியில் விழுந்திருக்கிறது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. மாநில அளவில் பேசுவதற்காக எடுத்த மாதிரியை மாவட்டத்துக்கு இறக்கினால் கைக்கு வருவது பெரும்பாலும் இரைச்சல். நடுவில் ஒரு வழி உண்டு: தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டை வடக்குக் கடலோரம், கடலோரம், தெற்கு, உள்நாடு என்று நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அந்த அளவில் நின்றுகொண்டு, கூடவே பிழை வரம்பையும் காட்டினால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். வரைபடத்தில் வண்ணம் குறையும், அவ்வளவுதான்.

எங்களுக்கு வந்த கடினமான கேள்வி பூஜ்யத்தைப் பற்றியது. "73.9 சதவீத ஆண்கள் வீட்டு வேலை செய்வதே இல்லை என்று சொல்லலாமா?" சொல்லக் கூடாது. ஒருவரிடம் கேட்டது ஒரே ஒரு நாள். ஞாயிறு தோறும் கறி சமைக்கிறவரை செவ்வாய்க்கிழமை பற்றிக் கேட்டிருந்தால் அவர் பூஜ்யத்தில்தான் இருப்பார். கணக்கெடுப்பை ஆண்டு முழுக்கவும் வாரத்தின் எல்லா நாள்களிலும் பரப்பியிருப்பதால் கூட்டமாகப் பார்க்கும்போது சராசரி சரியாக வரும். தனி ஆளைப் பார்த்து "இவர் செய்பவர், இவர் செய்யாதவர்" என்று முத்திரை குத்த இந்தத் தரவு போதாது. இதே காரணத்தால்தான் நிறையப் பூஜ்யங்களைப் பார்த்ததும் டோபிட் மாடலுக்கு (பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் அங்கேயே தேங்கி நிற்கும் அளவுகளுக்கான மாடல்) தாவுவதும் இங்கே சரிவராது. அந்தப் பூஜ்யங்களில் பல, கேட்ட நாள் அப்படி அமைந்ததால் வந்தவை. சாதாரண நேர்கோட்டு மாடலோ, ஈடுபட்டாரா என்பதையும் எவ்வளவு நேரம் என்பதையும் இரண்டு கட்டமாகப் பார்ப்பதோ இங்கே பரவாயில்லை. நண்பன் இதை விளக்கியதைவிட அக்காவின் கறிக் குழம்பு உதாரணத்துக்குத்தான் நடுவர்கள் தலையாட்டினார்கள்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கிய அணியில் மாடலே கிடையாது. குழந்தை பராமரிப்பு நேரத்தை இரண்டு விதமாகக் கணக்கிட்டிருந்தார்கள்: முதன்மை வேலையை மட்டும் எடுத்து ஒரு முறை, அந்த அரை மணியில் பதிவான எல்லா வேலைகளையும் எடுத்து இன்னொரு முறை. அடுப்பில் ஒரு கண், பிள்ளைமேல் ஒரு கண் என்று இருக்கும் அரை மணியில் சமையல் முதன்மையாகிவிட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது முதல் கணக்கில் காணாமல் போகிறது. ஒரே ஓர் அட்டவணை, நான்கைந்து நிமிடப் பேச்சு. கேள்வி நேரம் முழுவதும் நடுவர்களும் அவர்களும் சேர்ந்து யோசித்த மாதிரிதான் இருந்தது. பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக இறங்குபவர்களுக்கு இப்போது 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் இருக்கிறது. ஈடுபட்ட பெண்களின் வீட்டு வேலை நேரம் 299இலிருந்து 289 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. பெண்களின் சுமை இறங்குகிறது என்று உடனே எழுதத் தோன்றும். ஆண்களுடையதும் 97இலிருந்து 88ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்த நேரம் எங்கே போனது, கேஸ் அடுப்பும் குழாயும் காரணமா, வேலைக்குப் போகிற பெண்கள் கூடியதா, இல்லை வயதுக் கலவை மாறியதா என்று பிரித்துப் பார்ப்பது நல்ல போட்டித் தலைப்பாக இருக்கும். அதற்கு இறங்கும் முன் இரண்டு ஆண்டுக் கேள்வித்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறியீடுகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அணிக்கு ஆள் தேடினால், கிளிப்போர்டோடு வெயிலில் அலைந்த ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகரங்களில் விசாரித்தால் கிடைப்பார்கள். பலர் அடுத்த ஒப்பந்தத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பவர்கள்தான். பரிசுத் தொகையில் சம பங்கு கொடுங்கள்.